மருமகள் வீட்டு ஹாலிச் செடியும் நம் பள்ளிக்கூடத்துப் பப்பாளிக் கன்றும்

 

டீச்சரை இரண்டு மாதமாகக் காணோமே, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று சிலர் இன்பாக்ஸில் கேட்டிருந்தீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எழுத வேண்டிய ஒன்றை எழுதத் தயங்கிக்கொண்டே இருந்தேன். இன்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. செடி வளர்ப்பவர்களுக்கு நடுநடுவே உபயோகமான விஷயமும் உண்டு, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

ஏப்ரலில் மகன் வீட்டுக்கு நியூ ஜெர்சி வந்தது உங்களுக்குத் தெரியும். எடிசன் பக்கம். சொந்த வீடு வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. நான் வந்தபோது மரங்களெல்லாம் மொட்டையாக நின்றன. நவம்பரில் உதிர்ந்தால் ஏப்ரல் வரைக்கும் குச்சிதானாம். ஆனால் வீட்டு முகப்பில், ஜன்னலுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் ஆறு செடிகள் மட்டும் கரும்பச்சையாக, குண்டு குண்டாக உட்கார்ந்திருந்தன. பனிக்காலம் முழுவதும் ஓர் இலைகூட உதிர்க்காமல் இருந்தவையாம். மருமகள் தானே நாற்றுப்பண்ணைக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கியவை. முந்தைய அக்டோபரில் ஆள் வைத்து நட்டிருக்கிறார்கள். சொந்த வீட்டுக்கு அவள் வாங்கிய முதல் செடிகள். எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும்போது சமையலறைக்கு முன்பே அவற்றைத்தான் காட்டினாள்.

எல்லோரும் அதை 'பாக்ஸ்வுட்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னார். பாக்ஸ்வுட் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் குத்துச்செடி. எனக்கு ஒரு செடியைக் கண்டால் முதலில் காம்பைப் பார்த்துதானே பழக்கம்? ஒரு சிறு கிளையை ஒடித்துப் பேத்தியிடம் காட்டினேன். "இலை ரெண்டு ரெண்டா எதிரெதிரே இருக்கா, மாறி மாறி இருக்கா பாரு." அவள் விரல் வைத்து எண்ணிவிட்டு, "மாறி மாறி இருக்கு அப்பாயி" என்றாள். பாக்ஸ்வுட்டுக்கு எதிரிலை அமைவு. இது மாற்றிலை அமைவு. அப்படியானால் இது வேறு. இலையின் ஓரத்தில் நகத்தால் கீறியதுபோல நுணுக்கமான பற்கள். திருப்பிப் பார்த்தால் அடியில் ஊசி குத்தியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். மகன் கணினியில் தேடிப் பார்த்து, வாங்கிய ரசீதையும் எடுத்துப் பார்த்தான். ஜப்பானிய ஹாலி, 'ஹெல்லெரி' என்ற குட்டை ரகம் என்று இருந்தது. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் எனக்கு ஒரே மரியாதை. ஆறாம் வகுப்பில் நான் இலையமைவு நடத்தியபோது தூங்கியவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஹாலி என்றதும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் வருமே, முள் முள்ளான இலையும் சிவப்புப் பழமும், அதுதான் நமக்கு நினைவு வரும். அது வேறு இனம். 'ஐலெக்ஸ்' என்ற இந்தப் பேரினத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் இருக்கின்றன. தென் அமெரிக்காவில் விரும்பிக் குடிக்கிற மாத்தே பானத்தின் இலை இதன் சொந்தம். நம் நீலகிரிச் சோலைக்காடுகளிலும் இந்தப் பேரினத்து மரங்கள் உண்டு. நியூ ஜெர்சியின் தெற்கே மில்வில் என்ற ஊருக்கு 'ஹாலி நகரம்' என்றே செல்லப்பெயர். இங்கே ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் எல்வின் ஆர்ட்டன் என்ற பேராசிரியர் பல ஆண்டுகள் உழைத்து ஹாலியில் புதுப்புது ரகங்களை உருவாக்கியிருக்கிறார். எங்கள் வீட்டு முகப்பில் இருக்கும் ஜப்பானிய ஹாலிக்கு இலையில் முள் கிடையாது, பழம் கறுப்பு, மிளகை விடக் கொஞ்சம் பெரிது.

இன்னொன்றும் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஹாலியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நம் ஊர்ப் பனை மாதிரி, பப்பாளி மாதிரி. பக்கத்தில் ஆண் செடி இருந்து, மே, ஜூனில் பூக்கும்போது தேனீ வந்து போனால்தான் பெண் செடியில் காய் பிடிக்கும். பூ இருக்கிறதே தெரியாது, அவ்வளவு சிறிது. தேனீக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. ஹெல்லெரி பெண் ரகம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தக் கறுப்புக் காயை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வாந்தி பேதி வரும். பேத்தியிடம் நான் இதைத்தான் முதலில் சொன்னேன்.

சரி, இப்போது என் கதைக்கு வருகிறேன்.

காலையில் எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். மாலை வரைக்கும் நான் தனி. கஜா புயலுக்குப் பிறகு நம் கொல்லையில் மரம் என்று சொல்ல ஒன்றிரண்டுதான் மிச்சம், அதையும் பூட்டிப் போட்டுவிட்டு வந்தாயிற்று. கை சும்மா இருக்கவில்லை. ஜூன் பிறந்ததும் நல்ல வெயில். நம் ஊர் வெயில் இல்லை என்றாலும் முகத்தில் சுள்ளென்று அடிக்கும். வாசலில் ரப்பர் குழாய் சுருட்டி வைத்திருந்தது. காலையில் பத்து மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை, ஆறு செடிக்கும் தூர் நனைய நனைய ஊற்ற ஆரம்பித்தேன். செடிக்கு நான் தண்ணீர் விடுவதாக மருமகளிடம் ஒருநாள் சொன்னதும் உண்டு. "சரி அத்தை" என்றாள். தினமும் இரண்டு வேளை என்று அவளுக்குத் தெரியாது. புல்தரைக்காகப் பூமிக்குள் ஸ்பிரிங்க்ளர் புதைத்திருப்பதும், அது வாரத்துக்கு மூன்று நாள் விடியும் முன்பே தானாக ஓடி அந்தச் செடிகளையும் நனைப்பதும் எனக்குத் தெரியாது. நான் எழுந்திருக்கும் நேரத்துக்குக் காய்ந்துபோயிருக்கும்.

ஜூன் கடைசியில், கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்குப் பக்கத்திலிருந்த மூன்று செடிகளில் இலை வெளுத்தது. பிறகு மஞ்சளானது. நுனிக் கொழுந்து தலை தொங்கியது. பார்த்தால் அப்படியே தண்ணீர் இல்லாமல் வாடிய செடி மாதிரிதான் இருந்தது. நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். மூன்றாவது வேளையும் ஊற்றினேன்.

ஜூலை இரண்டாவது வாரத்தில் கையால் தடவினாலே இலை பொலபொலவென்று கொட்டியது. மருமகள் நட்டுக்கொடுத்த ஆளைக் கூப்பிட்டாள். செடிக்கு ஒரு வருட உத்தரவாதம் இருந்தது. அவர் வந்து மண்ணில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, யாரோ தண்ணீரை அளவுக்கு மீறி ஊற்றுகிறீர்கள் என்றார். மருமகளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஸ்பிரிங்க்ளர் வாரத்துக்கு மூன்று நாள்தான், வேறு யாரும் ஊற்றுவதில்லை, நீங்கள் நோய்ச் செடியைத் தலையில் கட்டிவிட்டுப் பழியை எங்கள்மேல் போடுகிறீர்கள் என்று சொன்னாள். அவருக்கும் முகம் மாறிவிட்டது. ஒன்றும் பேசாமல், உத்தரவாதப்படி வேறு செடி தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் பேசிய ஆங்கிலம் முழுவதும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் 'டூ மச் வாட்டர்' பிடிபட்டது. எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. நான் வெளியே போகவில்லை. ரசத்துக்குத் தாளிக்கிற சாக்கில் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒன்பது நாள் சொல்லவில்லை. முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளிடம் "உண்மையைச் சொன்னா அடி கிடையாது" என்று சொன்னவள். குழாயை மட்டும் தொடுவதில்லை.

அந்த ஒன்பது நாளில் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் அந்தப் பையன் நினைவு வந்தான்.

தொண்ணூறுகளின் நடுவில். ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், அடிபம்புக்கும் கிளுவை வேலிக்கும் நடுவில் ஐந்து பப்பாளிக் கன்று வைத்திருந்தோம், நினைவிருக்கிறதா? மாதத்துக்கு ஒருவர் என்று முறை போட்டிருந்தேன். புரட்டாசியில் அவன் முறை. நல்ல காய்ச்சல். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் மூன்று கன்று இலை மஞ்சளாகித் தலை தொங்கி நிற்கிறது. "தண்ணி ஊத்துனியாடா?" என்றேன். "மூணு வேளையும் ஊத்துனேன் டீச்சர்" என்றான். மூன்று வேளையும் ஊற்றிய செடி வாடுமா? எனக்கு அது பச்சைப் பொய்யாகப் பட்டது. செடி செத்ததைவிடப் பொய் சொல்கிறானே என்றுதான் கோபம். உள்ளங்கையில் இரண்டு அடி வைத்தேன். மதியம் வரைக்கும் வெளியே நிறுத்தினேன். அவன் அழவில்லை. "ஊத்துனேன் டீச்சர்" என்று இன்னொரு தடவை சொன்னான், அவ்வளவுதான். பிறகு இரண்டு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை.

அவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். மூன்று வேளை ஊற்றியதால்தான் அந்தக் கன்று செத்தது. பப்பாளிக்குத் தூரில் தண்ணீர் நின்றால் தண்டு அடி அழுகிவிடும். அது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. செடி வாடுவது மேலே தெரிகிறது, காரணம் கீழே இருக்கிறது. ஒரு கன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. பிரம்பு கையில் இருந்தது, மண்வெட்டி தூரத்தில் இருந்தது.

பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மருமகள் காபி போட்டுக்கொண்டிருந்தாள். "ஏம்மா, அந்தச் செடிக்கு நாந்தாம்மா தண்ணி ஊத்துனேன். தினமும் ரெண்டு வேளை. கடைசியில மூணு வேளை" என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியாம செஞ்சதுதானே அத்தை, அதுக்கென்ன? ஆனா அவர் வந்தன்னிக்கே சொல்லியிருக்கலாமே. பாவம், அவரை என்னென்னவோ பேசிட்டேனே" என்றாள். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றே அவருக்குப் போன் செய்து வருத்தம் சொன்னாள். உத்தரவாதத்தில் செடி வேண்டாம், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம் என்றும் சொன்னாள். அந்தக் காசை நான் கொடுக்கிறேன் என்றதற்கு, "உங்க மகன்கிட்ட வாங்கிக்கிறேன்" என்று சிரித்துவிட்டாள்.

அன்று மாலை மகனும் நானும் ஒரு செடியைத் தோண்டி எடுத்தோம். நல்ல வேர் வெள்ளையாக, ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். இது கறுப்பாக, சாக்கடை வாடை. விரலால் இழுத்தால் மேல்தோல் மட்டும் உறைபோல உருவிக்கொண்டு வந்தது. வேரும் மூச்சு விட வேண்டும், மண்ணின் இண்டு இடுக்கில் உள்ள காற்றுதான் அதற்கு. தண்ணீர் அதை நிரப்பிவிட்டால் வேர் திணறிச் செத்துவிடும். செத்த வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் வெள்ளத்தில் நிற்கும் செடியும் வறட்சியில் வாடிய செடிபோலவே வாடும். ஜப்பானிய ஹாலிக்கு வேரழுகல் பூஞ்சை எளிதில் வரும், அதுவும் இப்படிப்பட்ட இடத்தில். இந்தப் பக்கத்து மண் செம்மண் நிறத்தில் இருக்கிறதே தவிர, குணத்தில் களி. தண்ணீர் இறங்கவே இறங்காது.

மகன் மண்ணை எடுத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பரிசோதனைக் கூடத்துக்குத் தபாலில் அனுப்பினான். பி.எச். 6.9 என்று வந்தது. ஹாலிக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். 5-க்கும் 6-க்கும் பக்கத்தில் இருந்தால் நல்லது. வீட்டு அஸ்திவாரத்துச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து கசிந்து சுவரோரத்து மண்ணைக் காரமாக்கிவிடும். அப்போது மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்கு எடுக்க வராது, நரம்பு பச்சையாகவும் நடுவெளி மஞ்சளாகவும் இலை வெளுக்கும். மிச்சமிருந்த மூன்று செடிக்கும் அந்த வெளிறல் லேசாக இருந்தது. அளவாகக் கந்தகத் தூள் போட்டிருக்கிறோம். ஒரே நாளில் மாறாது, மாதக்கணக்காகும்.

செத்த மூன்றின் இடத்தில் என்ன வைப்பது என்று ஒரு வாரம் பேசினோம். பாக்ஸ்வுட் வேண்டாம் என்று முதலிலேயே முடிவாயிற்று. 2011-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு கருகல் நோய் அதைப் பல ஊர்களில் அழித்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பதிலாகத்தான் இப்போது பலரும் குட்டை ஹாலிக்கு மாறுகிறார்கள். கடைசியில் 'இங்க்பெர்ரி' என்ற ஹாலியைத் தேர்ந்தெடுத்தோம். இது இந்த மண்ணுக்கே உரியது. தெற்கு நியூ ஜெர்சியின் பைன் காட்டில், ஈர மணலில் தானாக வளர்வது. ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், அதனால் கூரைத் தண்ணீர் விழும் மூலைக்கு ஏற்றது. இதன் பழமும் மை மாதிரிக் கறுப்பு. வயதானால் அடியில் இலை உதிர்ந்து கால் தெரியும் என்பது ஒரு குறை. அதற்காக 'ஷாம்ராக்' என்ற அடர்த்தியான ரகமாகப் பார்த்து வாங்கினோம். நம் ஊரில் ஆடு மாதிரி இங்கே மான் வந்து மேயும். ஹாலியை அது அவ்வளவாகச் சீண்டுவதில்லை என்பது இன்னொரு சௌகரியம்.

வெயில் தணியட்டும் என்று செப்டம்பர் நடுவில் நட்டோம். குழியைச் செடியின் தாய்மண் ஆழத்துக்கு மட்டும் வெட்டி, அகலத்தை இரண்டு மூன்று பங்காக வைத்தோம். மேல்மண் தரைமட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கும்படி உட்காரவைத்தோம். நர்சரியில் பார்க்கும்போது குட்டியாக இருக்கிறதே என்று நெருக்கி நடக்கூடாது, ஹெல்லெரி எல்லாம் உயரத்தைவிட அகலமாகத்தான் விரியும், நான்கைந்து அடி வரை. மரப்பட்டைச் சீவலை மூடாக்காக இரண்டு அங்குலம் பரப்பினோம். தூரில் மட்டும் படவிடவில்லை. இங்கே பலர் தூரைச் சுற்றிக் கோபுரம் கட்டி வைக்கிறார்கள், பார்க்க அழகுதான், பட்டை அழுகிவிடும். கத்தரிப்பதெல்லாம் பனி முடிந்து புதுத் துளிர் வருமுன் வைத்துக்கொள்ள வேண்டும். இலையுதிர்காலத்தில் வெட்டினால் இளந்துளிர் வந்து குளிரில் கருகும்.

தண்ணீர் விடும் பொறுப்பு இப்போது பேத்தியிடம். நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. முதலில் நடுவிரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் குழாயைத் தொடக்கூடாது. காய்ந்திருந்தால் மெதுவாக, ஆழமாக, ஒரே தடவை. புதுச்செடிக்கு வாரம் ஒன்று இரண்டு தடவைதான் ஆகிறது. ஸ்பிரிங்க்ளரின் அந்த மூலைத் தலையை மகன் அடைத்துவிட்டான். கூரைக் குழாயின் வாயையும் நீட்டிப் புல்தரைப் பக்கம் திருப்பிவிட்டான். நேற்று பேத்தி விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "வேணாமாம் அப்பாயி" என்றாள். செடியே சொன்ன மாதிரி.

அக்டோபர் 10-க்கு மேல் ஊருக்குத் திரும்புகிறேன்.

அந்தப் பையன் இதைப் படிக்கிறான் என்று நினைக்கிறேன். போன வருடம் என் பிறந்தநாள் பதிவில் அவன் வாழ்த்துச் சொல்லியிருந்தான். பெயர் எழுதவில்லை, அவனுக்கே தெரியும். தம்பி, நீ ஊற்றினாய். மூன்று வேளையும் ஊற்றினாய். நான்தான் நம்பவில்லை. என்னை மன்னித்துவிடு. இதை எல்லார் முன்னாலும் சொல்லக் காரணம், உன்னை அடித்ததும் எல்லார் முன்னாலும்தான். அன்று வகுப்பில் இருந்தவர்கள் பலர் இதைப் படிப்பார்கள்.

உன் பழைய நம்பருக்கு இரண்டு முறை கூப்பிட்டேன், உபயோகத்தில் இல்லை என்கிறது. புது நம்பரை இன்பாக்ஸில் அனுப்பு. ஊருக்கு வந்ததும் பேசுகிறேன்.